ஜூனியர் காங்கும் இன்னொரு வாரிசும்

கேள்வி: டேமியன் மார்லி தன் அப்பா பாப் மார்லிக்கு உண்மையான இசை வாரிசா, இல்லை அப்பா பெயரில் காலம் தள்ளுகிறாரா? — வாசகர், திருச்சி

பதில்: வாரிசு என்று ஆரம்பித்தாலே மார்லி குடும்பத்தில் வழக்குதான். 1981 மே மாதம், 36 வயதில், மயாமியில் புற்றுநோயால் இறந்தபோது ஜமைக்காவின் ரெகே இசைப் பாடகர் பாப் மார்லி உயில் எழுதி வைத்திருக்கவில்லை. பாட்டு உரிமை யாருக்கு, பணம் யாருக்கு என்று வருடக்கணக்கில் நீதிமன்றத்தில் இழுபட்டார்கள். 'ஜூனியர் காங்' என்று அழைக்கப்படும் டேமியனுக்கு அப்போது மூன்று வயதுகூட நிரம்பவில்லை. அப்பா பக்கத்தில் உட்கார்ந்து அவர் எதையும் கற்றிருக்க முடியாது. அவருடைய ஆல்பங்களைத் தயாரித்து அவரை ஆளாக்கியதில் அண்ணன் ஸ்டீபனுக்குப் பெரிய பங்கு உண்டு.

2005-ல் வந்த 'வெல்கம் டு ஜாம்ராக்' பாட்டைக் கேளுங்கள். அதில் அப்பாவின் சாயலைத் தேடாதீர்கள். அதன் அடித்தளம் ஜமைக்காப் பாடகர் ஐனி கமோசி 1980-களில் பாடிய ஒரு பாட்டு, அதற்குத் தாளம் போட்டவர்கள் ஸ்லை, ராபி என்ற இரட்டையர். கமோசியின் குரலும் அப்படியே அதில் ஒலிக்கிறது. இதைத் திருட்டு என்று சொல்பவர்களோடு எனக்குப் பழைய சண்டை. ஜமைக்காவில் ஒரு 'ரிதிம்', அதாவது பாட்டுக்கு அடியில் ஓடும் தாளமும் பாஸும் சேர்ந்த இசை, பிறந்தால் அதன்மேல் பத்துப் பேர், இருபது பேர் பாடுவார்கள், அங்கே அதுதான் மரபு. அந்த மரபில் நின்றுகொண்டு, சுற்றுலா விளம்பரங்கள் காட்டாத துப்பாக்கியையும் வறுமையையும் டேமியன் பாடினார். அப்பாவின் பழைய பாட்டுகளையே மேடை மேடையாகப் பாடியிருந்தால் வசதியாகக் காலம் தள்ளியிருக்கலாம், அவர் அதோடு நிற்கவில்லை. அந்தப் பாட்டுக்கும் அதே பெயரில் வந்த ஆல்பத்துக்கும் சேர்த்து இரண்டு கிராமி கிடைத்தது. நம் ஏ.ஆர். ரஹ்மானோடு 2011-ல் 'சூப்பர்ஹெவி' குழுவில் பாடியவரும் இவர்தான், ரோலிங் ஸ்டோன்ஸ் பாடகர் மிக் ஜாகர்கூட அதில் உண்டு.

சரி, காலம் தள்ளுகிறவர் இல்லை என்பது என் பதில். ஆனால் வாரிசு என்றால் ஏன் பாடகரின் பிள்ளையை மட்டும் பார்க்கிறோம்? பல வருடங்களாக இதே பக்கத்தில் நான் சொல்லி வருவதுதான்: பாட்டு என்றால் பாடகர் மட்டும் இல்லை. பாப் மார்லியின் பாஸ் கிதாரை வாசித்தவர் ஆஸ்டன் பாரெட், 'ஃபேமிலி மேன்' என்பார்கள். டிரம்ஸ் அவர் தம்பி கார்ல்டன். நாலு எண்ணிக்கையில் முதல் அடியைக் காலியாக விட்டு மூன்றாவதில் முழு எடையையும் இறக்கும் 'ஒன் டிராப்' தாளத்தை உலகத்தின் காதுக்குக் கொண்டுபோனவர் கார்ல்டன், 1987-ல் கிங்ஸ்டனில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அண்ணன் ஆஸ்டன் ராயல்டி கேட்டு லண்டனில் வழக்குப் போட்டு 2006-ல் தோற்றார். பாப் மார்லி படம் போட்ட டி-ஷர்ட் தெருவுக்குத் தெரு விற்கிறது, இந்த இரண்டு பேரின் முகம் எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்கு இது ஆறவே இல்லை.

இதையெல்லாம் போன் ஸ்பீக்கரில் கேட்டுவிட்டு ரெகேயில் ஒன்றும் இல்லை என்று எனக்கு எழுதாதீர்கள். பாஸ் கிதாரின் தடித்த தந்தி கிட்டத்தட்ட 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது, அதை உங்கள் போன் வெளியே விடவே விடாது. நீங்கள் கேட்பது சோறு இல்லாத சாம்பார். நல்ல ஹெட்போன் மாட்டிக்கொண்டு கேளுங்கள்.

அப்புறம், ஆஸ்டன் பாரெட் 2024 பிப்ரவரியில் இறந்துவிட்டார். அவர் மகன் ஆஸ்டன் பாரெட் ஜூனியர் இப்போது பாப் மார்லியின் வெய்லர்ஸ் குழுவை நடத்துகிறார், பாப் மார்லி பற்றி அதே வருடம் வந்த படத்தில் தன் அப்பாவாகவே நடித்தும் இருக்கிறார். அடுத்த முறை அவரைப் பற்றிக் கேளுங்கள், ஒரு பக்கம் முழுக்க எழுதுகிறேன்.