ஜெட் விழுந்த ஏரியாவுல வீட்டுத்தோட்டம்: கறிவேப்பிலை மஞ்சளாகுது, மண்ணு கெட்டுப்போச்சா?

கேள்வி: சார், சான் டியாகோ யுனிவர்சிட்டி சிட்டியில போன வருஷம் பழைய வீடு ஒண்ணு வாங்கினோம். 2008ல ரெண்டு தெரு தள்ளி போர் விமானம் வீட்டு மேலயே விழுந்துச்சுன்னு பக்கத்து வீட்டுல இப்பதான் சொன்னாங்க. கொல்லையில கறிவேப்பிலை, முருங்கை, கீரை வச்சிருக்கேன். கறிவேப்பிலை மஞ்சளாகுது, போட்டோ அனுப்பிருக்கேன். விமான எண்ணெய் மண்ணுல இறங்கியிருக்குமா? கீரைய குழந்தைக்குக் குடுக்கலாமா?

பதில்: தங்கச்சி, மொதல்ல மஞ்சள் விஷயத்த முடிச்சிடுவோம். போட்டோவுல கொழுந்து இலையில நரம்பு மட்டும் பச்சையா நிக்குது, நடுவுல வெளுத்திருக்கு, இது இரும்புச்சத்துக் குறை. உங்க பக்கம் மண்ணு காரத்தன்மை, குழாய்த் தண்ணியும் கடினத் தண்ணி, மண்ணுல இரும்பு இருந்தாலும் வேரால எடுக்க முடியாது, குளிர் காலத்துல கறிவேப்பிலை சுணங்கவும் செய்யும். இடிடிஹெச்ஏ வகை இரும்பு செலேட் (கார மண்ணுலயும் வேர் எடுக்கற மாதிரி செஞ்ச இரும்பு உரம்) வாங்கி தண்ணியில கரைச்சு வேர்ல ஊத்துங்க, வர்ற கொழுந்து பச்சையா வரும். எண்ணெய் குடிச்ச மண்ணா இருந்தா ஒரு செடி மட்டும் வாடாது, புல்லு பூண்டு கூட குன்னிப் போயிருக்கும், தண்ணி ஊத்தினா உள்ள இறங்காம முத்து முத்தா உருண்டு நிக்கும்.

அந்த விமானம் விழுந்தது 2008 டிசம்பர் 8ல. ஆபிரகாம் லிங்கன் விமானந்தாங்கிக் கப்பல்லேர்ந்து மிராமர் ராணுவ விமான தளத்துக்கு வந்த எஃப்ஏ-18டி ஹார்னெட் போர் விமானம், ஒரு எஞ்சின் ஏற்கனவே நின்னு போச்சு, அடுத்ததும் நிக்கவும் பைலட் குதிச்சிட்டார். ரெண்டு வீடு அழிஞ்சு ஒரே குடும்பத்துல நாலு பேர் போனாங்க, அதுல ரெண்டு கைக்குழந்தைங்க. இத எழுதவே மனசு கனக்குது.

இப்ப மண்ணுக்கு வர்றேன். விமான எரிபொருள் மண்ணெண்ணெய் ஜாதிதான், பாதி எரியும், கொஞ்சம் ஆவியாகும், மிச்சத்த மண்ணுல இருக்கற நுண்ணுயிர் வருஷக் கணக்குல தின்னுடும். ரெண்டு தெரு தள்ளி, இத்தனை வருஷம் கழிச்சு அது உங்க கொல்லையில இருக்கும்னு நான் நம்பல. சந்தேகமா இருந்தா ஒரு அடி தோண்டி ஈர மண்ண ஊறுகாய் பாட்டில்ல பாதி போட்டு மூடி அரை மணி வெயில்ல வச்சு தெறந்து பாருங்க, எண்ணெய் இருந்தா வாடை காட்டிக் குடுத்துடும் (மூக்க உள்ள விட்டு இழுக்காதீங்க, லேசா வந்தாலே தெரியும்).

எனக்குப் பயம் எண்ணெய் மேல இல்ல, தீயணைக்கற நுரை மேலதான். விமானத் தீக்கு அடிக்கற பழைய வகை நுரையில பிஃபாஸ்னு ஒரு ரசாயனக் கூட்டம் இருக்கு, அது மக்காது, தண்ணியோட நகரும், கீரை மாதிரி இலைப்பயிர் நல்லா இழுக்கும், காயில கம்மியாத்தான் ஏறும். அடுத்தது கார்பன் ஃபைபர். ஹார்னெட் றெக்கைத் தோலெல்லாம் அதுதான், எரிஞ்சா ஊசி ஊசியா பறக்கும், அதனாலதான் இந்த மாதிரி எடத்துல தரை பாலிஷ் போடற அக்ரிலிக் வாக்ஸ தண்ணியில கலந்து தெளிச்சு தூசிய அமுக்கி, அப்புறம் அள்ளுவாங்க. கவுன்டி (நம்ம மாவட்டம் மாதிரி) சுற்றுச்சூழல் சுகாதாரத் துறையில அந்த எடத்து ஃபைல எழுதிக் கேளுங்க, எந்த நுரை அடிச்சாங்க, எவ்வளவு ஆழம் மண்ணு எடுத்தாங்க, கடைசி டெஸ்ட்ல என்ன வந்துச்சுன்னு பாருங்க.

யாராவது ஸ்பெயின் பலோமாரெஸ் கதைய சொல்லி பயமுறுத்தினா கேக்காதீங்க. 1966ல அங்க விழுந்த பி-52 குண்டுவீச்சு விமானத்துல ஹைட்ரஜன் குண்டு இருந்துச்சு, புளூட்டோனியம் தக்காளி வயல்ல சிதறி சுமார் 1,400 டன் மண்ணையும் செடியையும் அமெரிக்காவுக்கு ஏத்திட்டுப் போனாங்க, அப்பவும் தீராம இன்னும் வேலி போட்ட நெலம் இருக்கு. உங்க ஊர்ல விழுந்தது பயிற்சிக்குப் பறந்த விமானம், அந்தப் பேச்சுக்கே எடமில்ல.

இத விட கிட்டக்க ஒரு ஆபத்து இருக்கு, அத யாரும் சொல்ல மாட்டாங்க. 1978க்கு முன்ன கட்டின வீடுன்னா பெயின்ட்ல ஈயம் இருக்கலாம், செவுத்தோரம் உதிர்ந்து மண்ணுல கெடக்கலாம். கலிபோர்னியாவுல வீட்டு மண்ணுக்கு ஈயத்தோட எல்லைக்கோடு 80 பிபிஎம் (பத்து லட்சத்துல 80 பங்கு). செவுத்தோரம் தனியா, பாத்தி தனியா, ஒவ்வொண்ணுலயும் பத்து எடத்துல ஆறு அங்குலம் வரை எடுத்து பிளாஸ்டிக் வாளியில கலந்து லேபுக்குக் குடுங்க, ஈயம், காட்மியம், குரோமியம் மூணும் கேளுங்க.

ரிசல்ட் வர்ற வரைக்கும் அந்தக் கீரைய குழந்தைக்குக் குடுக்காதீங்க. செவுத்த விட்டுத் தள்ளி ஒண்ணரை அடி ஒசரத்துக்குப் பொட்டி கட்டி வெளியில வாங்கின மண்ணும் கம்போஸ்டும் நெரப்பி புதுசா வெதைங்க, இருவத்தஞ்சு நாள்ல அரைக்கீரை பறிச்சிடலாம். முருங்கைக்காய நல்லா கழுவிட்டு சாப்பிடுங்க. கறிவேப்பிலைக் கன்ன மட்டும் வேற ஊர்க்காரங்களுக்குக் குடுத்துடாதீங்க, எலுமிச்சைய கொல்ற நோயப் பரப்பற சில்லிட் பூச்சி அதுல தங்கும்னு உங்க கவுன்டியில தடை இருக்கு. லேப் ரிப்போர்ட் வந்ததும் அனுப்புங்க, பாத்துட்டு எந்தப் பாத்தியில என்ன போடலாம்னு சொல்றேன்.