கிராண்ட் பியானோவுக்குப் புதுச் சுத்தியல் அவசியமா?

கேள்வி: பினாங்கு பாயான் லெப்பாஸில் இருக்கிறோம். மகளுக்காக, ரீகண்டிஷன் செய்த ஜப்பானிய கிராண்ட் பியானோ ஒன்று வாங்கினோம். ஓசை தகரத்தைத் தட்டுவது போல் இருக்கிறது. 88 சுத்தியல்களையும் மாற்றச் சொல்கிறார் டியூனர். எட்டாம் கிரேடு தேர்வு வேறு நெருங்குகிறது. மாற்றிவிடலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள், அம்மா. கம்பியில் மோதி மோதிச் சுத்தியலின் தலையைப் போர்த்தியிருக்கும் கம்பளி ஃபெல்ட் இறுகும், தலையில் கம்பி பதிந்து பள்ளம் விழும். உப்புத்தாளால் மேலடுக்கை உரித்து வடிவத்தைச் சரிசெய்து, ஊசியால் குத்தித் தளர்த்தினாலே பெரும்பாலும் ஓசை மென்மையாகிவிடும். அதற்கு ஃபெல்ட் மிச்சம் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆக்‌ஷனை (அதாவது விரலால் அழுத்தும் கட்டைகளும் சுத்தியல்களும் சேர்ந்த பொறியை) உங்கள் கண்ணெதிரே வெளியே இழுத்துக் காட்டச் சொல்லுங்கள். நீங்களே இழுக்க வேண்டாம். பாதியில் விரல் பட்டு ஒரு கட்டை அழுந்தினாலும் சுத்தியல் எழும்பி மேலே இடித்து, காம்பு முறிந்துவிடும். வலது கோடியைப் பாருங்கள். அங்கே ஃபெல்ட் இயல்பிலேயே மெல்லியது. உள்ளிருக்கும் மரம் எட்டிப் பார்க்கிறது என்றால் மாற்றத்தான் வேண்டும்.

எனக்கு இன்னொரு சந்தேகமும் உண்டு. மங்கலான பியானோவைக் கடையில் பளிச்சென்று ஒலிக்க வைக்க, சில இடைத்தரகர்கள் ஃபெல்ட்டில் அரக்குக் கரைசலை ஊற்றிவிடுகிறார்கள். வாங்கும்போது காதுக்கு இனிக்கும், வீட்டில் தகரமாகும். ஊசி இறங்காத அளவுக்கு ஊறிவிட்டால் அதைத் தேற்றுவது கடினம். கேட்டால், "ஸ்டைன்வேயே அப்படித்தான் செய்கிறது" என்பார்கள். அது அந்தப் பெயர்பெற்ற பியானோ கம்பெனியின் நியூயார்க் தொழிற்சாலை. அங்கே சுத்தியலை மென்மையாகத் தயாரித்து, கரைசலால் இறுக்குவது வழக்கம். அதே ஸ்டைன்வேயின் ஹாம்பர்க் தொழிற்சாலைச் சுத்தியல் இறுக்கமாக வரும், அதற்கு ஊசிதான். உங்களுடையது யாமஹாவோ காவாயோ, எதுவானாலும் ஊசிக் கட்சிதான். நியூயார்க் கதை உங்களுக்குப் பொருந்தாது.

ஒயரிங் செய்ய வருபவரிடம் லைசன்ஸ் கேட்கும் ஊரில், பியானோவுக்கு மட்டும் யார் வேண்டுமானாலும் பெட்டியோடு வந்து நிற்கலாம். டீச்சர் அனுப்பிய ஆள் என்றால் கமிஷன் உண்டா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். கேட்பது உங்கள் காசுக்கு.

மாற்றியே ஆக வேண்டும் என்றால், சுத்தியல் பல்பு மாதிரி கழற்றி மாட்டும் சாமான் இல்லை. காம்பு நுழையும் துளையின் தூரம், சாய்வு, எடை எல்லாம் பழையதோடு ஒத்துப்போக வேண்டும். எடை கூடினால் கட்டை கனத்து, பிள்ளைக்குக் கை வலிக்கும். ரென்னர், ஆபெல் என்று ஜெர்மன் பெயரைச் சொல்லி விலை பேசுவார்கள். நல்ல பொருள்தான், ஆனால் பாதி வேலை அதன்பிறகுதான் தொடங்குகிறது. ரெகுலேஷனும் (பொறியின் அசைவைச் சரிசெய்வது) வாய்சிங்கும் (ஓசையைப் பதப்படுத்துவது) அந்த விலையில் அடக்கமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். பழைய சுத்தியல்களையும் வரிசை எண்ணோடு திருப்பிக் கேளுங்கள். நாளைக்கு அளவில் தகராறு வந்தால் கையில் இருக்கும் ஆதாரம் அதுதான்.

தேர்வுக்கு முன் இதில் கை வைக்கவே வேண்டாம். புது ஃபெல்ட் அடித்து அடித்துத்தான் படியும், அதுவரை ஓசை மாறிக்கொண்டே இருக்கும். இப்போதைக்கு உப்புத்தாள், ஊசி, ஒரு ட்யூனிங். அது போதும்.