பாங்காங் ஏரியைச் சைக்கிளில் சுற்ற முடியுமா?

கேள்வி: கோவையில் வசிக்கிறேன். வயது 44. சில ஆண்டுகளாக அரை மராத்தான் ஓடி வருகிறேன். அவ்வப்போது ஊட்டியிலும் பயிற்சி செய்வதுண்டு. வரும் ஜூலையில் மனைவியுடனும் சிங்கப்பூரில் வாழும் மைத்துனருடனும் லடாக் சென்று, பாங்காங் ஏரியைச் சைக்கிளில் சுற்றவும் கரையில் நடக்கவும் ஓடவும் விரும்புகிறோம். பயண முகவர் ஒருவர் ஆறு நாள் திட்டம் கொடுத்திருக்கிறார். முதல் நாள் விமானத்தில் லே நகரம், இரண்டாம் நாள் கர்துங் லா கணவாயிலிருந்து சைக்கிளில் இறக்கம், மூன்றாம் நாள் பாங்காங், நான்காம் நாள் ஏரியைச் சுற்றிச் சைக்கிள், ஐந்தாம் நாள் கரையோர ஓட்டம், ஆறாம் நாள் திரும்புதல். அனுமதிச் சீட்டும் ஆக்சிஜனும் கட்டணத்திலேயே அடங்கும் என்கிறார். முன்பணம் கட்டலாமா? என் உடல் இதைத் தாங்குமா?

பதில்: இந்தத் திட்டத்துக்கு முன்பணம் கட்டாதீர்கள். பயணத்தையே கைவிட வேண்டியதில்லை. நாள்களின் வரிசையை மாற்றினால் நீங்கள் கேட்டவற்றில் பெரும்பகுதியைச் செய்துவிடலாம். ஆனால் ஏரியைச் சுற்றுவது மட்டும் யாராலும் இயலாது. பாங்காங் ஏறத்தாழ 134 கிலோமீட்டர் நீளமுள்ள ஒடுங்கிய ஏரி. அதன் மேற்குப் பகுதிதான் இந்தியாவிடம் உள்ளது. மீதி சீனாவின் கட்டுப்பாட்டிலுள்ள திபெத்துக்குள் நீள்கிறது. அசல் எல்லைக் கட்டுப்பாட்டுக் கோடு ஏரியின் குறுக்கே செல்கிறது. 2020-இல் இரு நாட்டுப் படைகளும் நேருக்கு நேர் நின்றதும், 2021 பிப்ரவரியில் பின்வாங்கியதும் இந்த ஏரியின் கரைகளில்தான். அப்படிப்பட்ட இடத்தில் ‘ஏரியைச் சுற்றிச் சைக்கிள் பயணம்’ என்று அச்சடித்து விற்பவர் ஏரியின் வரைபடத்தை ஒருமுறைகூடப் பார்க்காதவராக இருக்க வேண்டும், அல்லது நீங்கள் பார்க்க மாட்டீர்கள் என்று நம்புகிறவராக இருக்க வேண்டும். உங்களுக்குக் கிடைக்கக்கூடியது, ஏரியின் மேற்கு முனையிலுள்ள லுகுங்கில் தொடங்கி ஸ்பாங்மிக், மான், மெராக் என்ற சிற்றூர்கள் வழியாகத் தென்கரையை ஒட்டிச் செல்லும் சாலைதான். ஒரு பக்கம் முப்பது கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். சைக்கிளுக்கும் ஓட்டத்துக்கும் அதுவே தாராளம்.

அடுத்தது உங்கள் உடல். ஏரி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 4,250 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் தொட்டபெட்டா 2,637 மீட்டர்தான். ஏரிக்கரையில் ஒவ்வொரு மூச்சிலும் உங்களுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன், கடலோரத்தில் கிடைப்பதில் சுமார் 60 விழுக்காடு. இதற்கு உடல் பழகச் சில நாள்கள் ஆகும். அந்த நாள்களை உடற்பயிற்சியால் ஈடுகட்ட முடியாது. அரை மராத்தான் ஓடுகிறவருக்கும் ஓடாதவருக்கும், உயரத்துக்கு உடல் பழகாததால் வரும் மலை நோய் ஏறக்குறைய ஒரே அளவில்தான் வருகிறது. ஓட்டக்காரர்கள் தலைவலியைப் பொருட்படுத்தாமல் தொடர்ந்து ஏறிவிடுவதால் அவர்களுக்கு ஆபத்து சில சமயம் கூடவும் செய்கிறது. ஊட்டிப் பயிற்சி கால்களுக்கு நல்லது. ஆனால் கோவைக்கு இறங்கி வந்த சில நாள்களில் உயரத்துக்கான பழக்கம் கரைந்துபோகும். அதிலும் ஊட்டியின் உயரம் இந்தக் கணக்குக்கே போதாது.

முகவரின் திட்டத்தில் என்னை மிகவும் அச்சுறுத்துவது மூன்றாம் நாள். லே நகரமே 3,500 மீட்டரில் இருக்கிறது. மூவாயிரம் மீட்டருக்கு மேல், உறங்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்பது மலை மருத்துவத்தில் உலகெங்கும் ஏற்றுக்கொண்ட நெறி. உங்கள் முகவரோ உடல் லேவுக்கே பழகாத நிலையில் ஒரே பகலில் 750 மீட்டர் உயர்த்தி உறங்க வைக்கிறார். நுரையீரலில் நீர் கோக்கும் கொடிய மலை நோய் பெரும்பாலும் புதிய உயரத்துக்குச் சென்ற இரண்டாம் இரவுக்கும் நான்காம் இரவுக்கும் இடையில்தான் வருகிறது. அந்த இரவுகளில் நீங்கள் ஏரிக்கரையில் இருப்பீர்கள்.

அங்கே நோய் முற்றினால் முதன்மையான சிகிச்சை கீழே இறங்குவது. ஆனால் பாங்காங்கிலிருந்து லேவுக்கு இறங்க வேண்டுமென்றால் முதலில் ஏற வேண்டும். நடுவில் 5,300 மீட்டருக்கு மேல் உயர்ந்த சாங் லா கணவாய் குறுக்கே நிற்கிறது. மூச்சுத் திணறும் ஒருவரை நள்ளிரவில் அந்தக் கணவாயின் மேல் தூக்கிச் செல்வது எப்படிப்பட்ட முடிவாக இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். கணவாயைத் தவிர்க்க, அதற்கும் ஏரிக்கும் நடுவிலுள்ள துர்புக் என்ற ஊரிலிருந்து ஷியோக் ஆற்றங்கரை வழியாக நுப்ரா பள்ளத்தாக்குக்கு இறங்கும் சாலை இருக்கிறது. நுப்ராவிலுள்ள திஸ்கித் என்ற ஊரில் மருத்துவமனையும் உண்டு. ஆனால் அது நீண்ட வழி, கோடையில் ஆற்று வெள்ளம் அதை மறிப்பதும் உண்டு. ஆகவே அங்கே நோயைக் குணப்படுத்தத் திட்டமிடுவதைவிட, அது வராமலிருக்கத் திட்டமிடுவதே அறிவு.

‘ஆக்சிஜன் அடங்கும்’ என்ற வாக்குறுதியைப் பற்றி நான் கடுமையாகவே பேச வேண்டியிருக்கிறது. பெரும்பாலும் அவர்கள் தருவது கையடக்கமான தெளிப்பான் டப்பா. அதில் பத்து லிட்டர் அளவுக்கு ஆக்சிஜன் இருக்கும். நுரையீரலில் நீர் கோத்த நோயாளிக்கு நிமிடத்துக்கு 2 முதல் 4 லிட்டர் வரை, மணிக்கணக்கில், இடைவிடாமல் தேவைப்படும். உங்கள் டப்பா ஐந்து நிமிடத்தில் தீர்ந்துவிடும். அதைவிடப் பெரிய தீங்கு, அந்த ஐந்து நிமிட நிம்மதியை நம்பிக் குடும்பமே இறங்காமல் உட்கார்ந்துவிடுவது. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரைக் காட்டி ‘எண் நன்றாக இருக்கிறது, கிளம்பலாம்’ என்று சொல்வதும் இதே வியாபாரத்தின் இன்னொரு கை. குளிர்ந்த விரலில் அந்த எண் பிழையாகும். நல்ல எண் காட்டியவருக்கும் மறுநாள் நோய் வரும். தலைவலியும் குமட்டலும் இருக்கும்வரை மேலே போகக் கூடாது. நேர்கோட்டில் நடக்கத் தள்ளாடினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, உடனே இறங்க வேண்டும். நினைவில் வைத்துக்கொள்ள இவை போதும். கடல் மட்டத்திலிருந்து ஓரிரு மணி நேரத்தில் ஆயிரக்கணக்கானவர்களை லேவில் இறக்கிவிடும் இந்த ஏற்பாட்டில், இவ்வளவையும் அவரவர் மொழியில் அச்சிட்டு ஒவ்வொரு பயணியின் கையிலும் கொடுப்பதற்கு இத்தனை ஆண்டுகளாகியும் யாருக்கும் தோன்றாதது எனக்கு ஆறவே இல்லை.

இனி, திட்டத்தை இப்படி மாற்றுங்கள். லேவில் இறங்கிய முதல் இரண்டு நாளும் ஓய்வு. கடைத்தெருவில் மெதுவாக நடப்பதற்கு மேல் எதுவும் வேண்டாம். மூன்றாம், நான்காம் நாள்களிலும் லேவிலேயே உறங்கி, சாந்தி ஸ்தூபிப் படிகளில் ஏறலாம், சிந்து நதியோரம் சைக்கிள் ஓட்டலாம். ஐந்தாம் நாள் சாங் லாவை வண்டியில், உச்சியில் சில நிமிடங்களுக்கு மேல் நிற்காமல் கடந்து, நான்காயிரம் மீட்டருக்குச் சற்றுக் கீழேயுள்ள தாங்ட்ஸேயில் தங்குங்கள். பெரும்பாலான பயணத் திட்டங்கள் இந்த ஊரைத் தேநீருக்கு நிறுத்திவிட்டுத் தாண்டிவிடுகின்றன. உங்களைக் காக்கப்போவது இங்கே உறங்கும் அந்த ஓர் இரவுதான். ஆறாம் நாள் ஸ்பாங்மிக் சென்று, அன்று நடை மட்டும். ஏழாம் நாள் சைக்கிள். எட்டாம் நாள் காலை, உடல் இடம்கொடுத்தால் ஓட்டம். ஒன்பதாம் நாள் லே. இரண்டாம் நாளிலேயே கணவாய் உச்சியிலிருந்து சைக்கிளில் இறங்கும் யோசனையை முற்றிலும் விட்டுவிடுங்கள். இறக்கம் எளிதென்றுதான் அதை விற்கிறார்கள். தலைசுற்றும்போது, லாரிகள் ஏறி வரும் வளைவில் பிரேக்கைப் பிடிக்கத் தெளிந்த மூளை வேண்டும். மலை நோயைத் தடுக்க உதவும் அசெட்டசோலமைடு மாத்திரை உங்களுக்குப் பொருந்துமா என்பதைக் கோவையிலேயே உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். முகவரோ ஓட்டுநரோ நீட்டும் எந்த மாத்திரையையும் விழுங்க வேண்டாம்.

ஏரியில் ஓடுவது பற்றி ஒரு விளக்கம். 2023 பிப்ரவரியில் லுகுங்கிலிருந்து மான் வரை 21 கிலோமீட்டர் பந்தயம் ஒன்று நடந்து கின்னஸில் இடம்பெற்றது. அது உறைந்த ஏரியின் பனிக்கட்டி மேல் ஓடியது. அந்தப் படங்களைக் காட்டி ஜூலைப் பயணத்தை விற்கிறார்கள், இரண்டுக்கும் தொடர்பில்லை. ஜூலையில் நீங்கள் சாலையில்தான் ஓடுவீர்கள். கோவையில் ஓடும் வேகத்தை மறந்து, பேசிக்கொண்டே ஓட முடிகிற அளவில், ஐந்தாறு கிலோமீட்டரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் முற்பகலில் முடித்துவிடுங்கள். பிற்பகலில் காற்று எதிர்த்துத் தள்ளும், உருகும் பனிநீர் ஓடைகளில் பெருகிச் சாலையைக் கடக்கும். ஏரி நீர் உப்பு, குடிக்க உதவாது. ஏரி அமைந்துள்ள சாங்தாங் பகுதியில் கூட்டமாகத் திரியும் நாய்கள் தனியாக ஓடுகிறவரைத் துரத்தும் என்பதால் மூவரும் சேர்ந்தே செல்லுங்கள்; வெறிநாய்க்கடித் தடுப்பூசியை முன்கூட்டியே போட்டுக்கொள்வதும் நல்லது. தமிழ்நாட்டு பிரீபெய்ட் சிம் லடாக்கில் வேலை செய்யாது. போஸ்ட்பெய்டு இணைப்பு எடுத்துச் செல்லுங்கள்.

கடைசியாக அனுமதி. உங்களுக்கும் உங்கள் மனைவிக்கும் பெரிய சிக்கல் இல்லை. உள்நாட்டவருக்கான உள் எல்லை அனுமதி 2021-இல் நீக்கப்பட்டது. சுற்றுச்சூழல் கட்டணத்தை லே நிர்வாகத்தின் இணையத்தளத்தில் நீங்களே செலுத்தி ரசீதை வைத்துக்கொள்ளலாம். இதற்குத் தனியாக ‘அனுமதிக் கட்டணம்’ என்று பெருந்தொகை கேட்பவரிடம் அரசு ரசீதைக் கேளுங்கள். கிளம்புவதற்கு முன் அந்தத் தளத்தை மீண்டும் பாருங்கள், ஏனென்றால் இந்த விதிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன.

உங்கள் மைத்துனரின் நிலை வேறு, அதை முகவர் உங்களிடம் கேட்கக்கூட இல்லை என்று தோன்றுகிறது. அவர் இந்தியக் கடவுச்சீட்டோடு சிங்கப்பூரில் நிரந்தரவாசியாக இருந்தால் உங்களைப் போலவேதான். சிங்கப்பூர்க் குடிமகனாகி, வேறு நாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் ஓசிஐ அட்டை வைத்திருந்தால், இந்த ஏரியைப் பொறுத்தவரை அவர் வெளிநாட்டவர். ஆயுள் முழுவதும் விசா இல்லாமல் வந்துபோகலாம் என்பது உண்மை, ஆனால் பாதுகாக்கப்பட்ட பகுதிக்குள் நுழைய அந்த அட்டை போதாது. மத்திய அரசின் 2021 மார்ச் அறிவிக்கை இதைத் தெளிவாகவே சொல்கிறது. அவருக்குப் பாதுகாக்கப்பட்ட பகுதி அனுமதி வேண்டும். அதைப் பதிவுபெற்ற பயண முகமை மூலமாகத்தான் விண்ணப்பிக்க முடியும். ‘ஆதாரோ தமிழ்நாட்டு ஓட்டுநர் உரிமமோ இருந்தால் உங்களோடு சேர்த்துக் காட்டிவிடலாம்’ என்று சில இடைத்தரகர்கள் சொல்வார்கள். எல்லைப் பகுதியில் உண்மையான குடியுரிமையை மறைத்து நுழைவது சட்டக் குற்றம். பிடிபட்டால் ஓசிஐ அட்டைக்கே ஆபத்து, தரகருக்கு ஒன்றும் ஆகாது. ஒரு கடவுச்சீட்டின் நிறத்தைப் பொறுத்து மாறும் இந்த விதியைப் பயணச்சீட்டு எடுக்கும் இடத்திலேயே பெரிய எழுத்தில் சொல்லியிருந்தால், சோதனைச் சாவடியில் குடும்பங்கள் பிரிந்து நிற்க வேண்டியிருக்காது. அனுமதியில் எழுதப்பட்டிருக்கும் ஊர்களுக்கு மட்டுமே அவர் செல்லலாம். எனவே விண்ணப்பிக்கும்போதே ஸ்பாங்மிக்கோடு மான், மெராக் ஊர்களும் அனுமதிக்கப்படுமா என்று எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். அனுமதிச் சீட்டைப் பல நகல்கள் எடுத்து ஒவ்வொரு சாவடிக்கும் ஒன்றாக அவரே வைத்திருக்கட்டும், ஓட்டுநரிடம் கொடுக்க வேண்டாம்.