பனி நேரத்தில் வாட்டர்கலர்: கேள்வி பதில்

தை, மாசியில் வெளியே உட்கார்ந்து வரைவது பற்றி நண்பர்கள் கேட்டவை, என் பதில்களோடு.

நெல்லிக்குப்பம்: காலை ஆறரைக்குப் பெண்ணையாற்றங்கரையில் வானம் போட்டேன். அரை மணி ஆகியும் காயவில்லை. தாள் மட்டமா சார்?

தாள் மேல் பழி போடாதீங்க. தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்னு சும்மாவா சொன்னாங்க? காற்றே ஈரமா இருக்கும்போது தாளில் உள்ள தண்ணீர் எங்கே போகும்? அந்த ஒரு மணி நேரத்தைப் பனிக்கே கொடுத்துடுங்க. முழுத்தாளையும் நனைச்சு, அல்ட்ராமரீன் நீலமும் பர்ன்ட் சியன்னாங்கிற செம்பழுப்பும் கலந்த சாம்பல் நிறத்தை விடுங்க. அப்புறம் தாளைக் கண்மட்டத்துக்குத் தூக்கிச் சாய்ச்சுப் பாருங்க. தண்ணீர் பளபளன்னு நின்னா பொறுங்க. பளபளப்பு அடங்கி, தொட்டா சில்லுனு இருக்கே, அதுதான் அக்கரைத் தென்னை வைக்கிற நேரம். ஓரம் தானாகவே பனியில் கரையும். பிரஷ்ஷில் தாளைவிடத் தண்ணீர் கம்மியா இருக்கணும். கூடினா காலிஃபிளவர் மாதிரி விரிஞ்சிடும். வெயில் ஏறினதும் நாணல், கொக்கு, கூரான கோடெல்லாம் போடலாம்.

தாள் மேல் நேர் வெயில் மட்டும் விழக் கூடாது. கண் கூசி, கலரை அழுத்திப் போட்டுடுவீங்க. வீட்டுக்கு வந்து பார்த்தா படம் இருண்டு கிடக்கும்.

கடலூர் முதுநகர்: எந்த பிராண்ட் வாங்கலாம்?

காசைத் தாளில் போடுங்க. 300 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள தாள், முழுப் பருத்தி. பெயிண்ட் அப்புறம்.

அரியாங்குப்பம்: எத்தனை ஜிஎஸ்எம் நல்லது?

மேலேயே இருக்கு. 300.

லாஸ்பேட்டை: கடல் தண்ணீரிலேயே கலர் கலக்கலாமா?

வேண்டாம்மா. உப்பு தாளிலேயே தங்கி, ஈரக்காற்று வரும்போதெல்லாம் தண்ணீரை இழுக்கும். நம்ம ஊரில் ஈரக்காற்று இல்லாத மாசம் ஏது?

டொரன்டோவிலிருந்து, பண்ருட்டிக்காரர்: மார்ச்சில் பனி உருகும்போது வரைகிறேன். வாஷ் (தண்ணீராகப் பூசும் கலர்) தாளிலேயே உறைந்துவிடுகிறது.

தண்ணீர் டப்பாவில் கொஞ்சம் வோட்கா ஊத்துங்க, உறைவது தள்ளிப்போகும். பனிக்குத் தாளின் வெள்ளையை அப்படியே விடுங்க. நிழலுக்கு மட்டும் நீலம். உருகின குட்டையில் தெரியும் வானம், மேலே இருக்கும் வானத்தைவிட ஒரு படி அழுத்தம்.

புதுச்சேரி, டிராயிங் மாஸ்டர்: வெள்ளை பெயிண்ட் தொட்டால் அது வாட்டர்கலரே இல்லை என்று எல்லோருக்கும் சொல்லுங்கள்.

அப்படிச் சொல்ல மாட்டேன் ஐயா. வாட்டர்கலரில் பேர்போன ஆங்கில ஓவியர் டர்னரே நீலத் தாளில் வெள்ளையை அள்ளிப் போட்டிருக்கார்.

மாஸ்டர்: டர்னர் போடலாம். முதல் நாளே வெள்ளை டியூபைக் கொடுத்தால் பையன் தாளின் வெள்ளையைக் காப்பாற்றக் கற்பானா?

அதில் நான் உங்க பக்கம். முதல் வருஷம் வெள்ளை வேண்டாம். பனிக்கு எப்பவுமே வேண்டாம்: ஒளி தாள்வரைக்கும் போய்த் திரும்பணும், வெள்ளையைப் பூசினா சுண்ணாம்பு அடிச்ச சுவர் மாதிரி நிக்கும்.

சிதம்பரம்: அப்படியானால் பிச்சாவரத்தில் சுரபுன்னை இருட்டுக்கு முன்னால் நிற்கும் கொக்கு?

முதுகில் ஒரே ஒரு தொடுகை வையுங்க. மாஸ்டர் மன்னிக்கணும்.

மாஸ்டர்: கொக்குக்குச் சரி. பனிக்கு இல்லை.

அதையேதான் நானும் சொல்றேன்.

வில்லியனூர்: ஊசுடேரிக் கரையில் வெயிலில் தாளை வைத்தால் சீக்கிரம் காயுமே?

காயும், திட்டுத்திட்டாக் காயும். திரும்பச் சொல்றேன்: மரத்தடி, குடை, சுவர், ஏதாவது ஒரு நிழல். அங்கே உட்காருங்க.