உடையும் வாளும் அப்பாவின் கத்தியும்

வணக்கம் அண்ணா,

சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். ‘செல்டா: பிரெத் ஆஃப் தி வைல்ட்’ என்ற வீடியோ கேம் விளையாடி வருகிறேன். நல்ல வாள் கிடைத்தால் கொஞ்ச நேரத்தில் உடைந்துவிடுகிறது. அதனால் நல்லதையெல்லாம் பத்திரப்படுத்திவிட்டு மரக்கிளையால் சண்டை போடுகிறேன். அப்பா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். “நாலு வெட்டுல ஒடையுற கத்திய எவன்டா வாங்குவான்? எங்க கத்தி மழுங்கும், தீட்டிக்குவோம்” என்று சிரிக்கிறார். ஓட, ஏற செலவாகும் தெம்பு, அதான் ஸ்டாமினா, வேறு பாதி மலையில் தீர்ந்துபோகிறது. எதற்கு இந்தத் தொல்லை? அடுத்து கணினியில் ‘டார்க் சோல்ஸ் 2’ வாங்க ஆசை. அதிலும் வாள் தேயுமாமே, வாங்கலாமா?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

அப்பா கேட்கிற மாதிரி கேம் 2002லேயே வந்துவிட்டது: ‘மோரோவிண்ட்’. அதில் வாள் தேயத் தேய அடியின் வலு குறையும், சுத்தியல் இருந்தால் நாமே சரிசெய்துகொள்ளலாம். உண்மைக்கு நெருக்கம்தான், ஆனால் சலிப்பு. சண்டை முடிந்ததும் மெனுவைத் திறந்து சுத்தியலைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அப்பா கத்தி தீட்டினார் என்றால் மறுநாள் பிழைப்புக்காக. நாம் வேலை முடிந்து விளையாட உட்கார்ந்த இடத்திலும் இன்னொரு வேலையா? அதே தொடரில் 2011இல் வந்த ‘ஸ்கைரிம்’ இந்தத் தேய்மானத்தையே தூக்கிவிட்டது. யாரும் அழவில்லை.

2017இல் வந்த செல்டா வேறு கணக்கு போடுகிறது. அங்கே வாள் மழுங்குவதே இல்லை. கடைசி அடி வரை அதே வலு, அப்புறம் ஒரேயடியாக உடையும். உடைகிற அந்த அடிக்கு மட்டும் இரண்டு மடங்கு சேதம்! உடைப்பதற்குப் பரிசு கொடுக்கிறார்கள் என்றால், உங்களை உடைக்கச் சொல்கிறார்கள் என்றுதானே அர்த்தம்? உடையப்போகிறது என்று எச்சரிக்கை வந்ததும் எதிரி மேல் வீசி எறியுங்கள். அவன் கை ஆயுதம் கீழே விழுந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். உடையாத ‘மாஸ்டர் சோர்டு’ என்ற சிறப்பு வாள்கூட சக்தி தீர்ந்தால் 10 நிமிடம் ஓய்வெடுக்கும். ஒரே வாளோடு ஊரைச் சுற்ற விடக்கூடாது என்பதில் அவ்வளவு பிடிவாதம். நீங்கள் மரக்கிளையோடு மல்லுக்கட்டுவது அவர்கள் எதிர்பார்க்காத சிக்கனம்.

நான் தொல்லை என்று சொல்வது வெறும் பில்லாக வரும் தேய்மானத்தை. இணையத்தில் பலரும் சேர்ந்து விளையாடும் ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’டில் ஒரு தடவை செத்தால் அணிந்திருப்பதெல்லாம் 10 சதவீதம் தேயும், பழுது பார்க்கத் தங்கம் செலவாகும். பல்லாயிரம் பேர் புழங்கும் சந்தையில் காசு பெருகிப்போகாமலிருக்க அது வேண்டும், சரி. தனியாக விளையாடும் ‘விட்சர் 3’இல் எதற்கு? கொல்லனிடம் காசைக் கொடுத்தால் முடிந்தது, யோசிக்க ஒன்றுமில்லை.

ஸ்டாமினா விஷயத்தில் நான் உங்கள் கட்சியில்லை. டார்க் சோல்ஸில் அடிப்பது, உருள்வது, கேடயத்தில் தடுப்பது எல்லாம் ஒரே ஸ்டாமினா பட்டையிலிருந்து போகும். கேடயத்தைத் தூக்கிப் பிடித்திருந்தால் அது நிரம்புவதும் மெதுவாகும். இன்னொரு அடி அடிக்கலாமா, தப்பி ஓட மிச்சம் வைக்கலாமா என்ற அந்த அரை நொடி இல்லையென்றால் சண்டையில் பொத்தானை அமுக்குவது மட்டும்தான் மிஞ்சும். ஆனால் எதிரியே இல்லாத வெட்டவெளியில் மூச்சு வாங்க வைப்பது வீண். 2022இல் வந்த ‘எல்டன் ரிங்’ இதைப் புரிந்துகொண்டது: சண்டைக்கு வெளியே எவ்வளவு ஓடினாலும் ஸ்டாமினா குறையாது, ஆயுதத் தேய்மானமும் கிடையாது. செல்டா மலையேற்றத்துக்கு ஒரு வழி சொல்கிறேன். ஸ்டாமினா தரும் காளானைச் சமைத்து வைத்துக்கொண்டு, தொங்கிக்கொண்டிருக்கும்போதே மெனுவைத் திறந்து சாப்பிடுங்கள். மழை பெய்தால் மட்டும் ஏறாதீர்கள், வழுக்கும்.

‘டார்க் சோல்ஸ் 2’ வாங்கலாம். 2014இல் கணினிப் பதிப்பு வந்தபோது, நொடிக்கு 60 பிரேமில் (திரையில் மாறும் படங்கள்) ஓடினால் 30 பிரேமில் ஓடுவதைவிட இரு மடங்கு வேகமாக ஆயுதம் தேய்ந்தது. நல்ல கணினி வைத்திருந்தவனுக்குத் தண்டனை! 2015இல் அந்தப் பிழையைத் திருத்திவிட்டார்கள். தேய்ந்த வாள் தீ மூட்டிய இடத்தில் உட்கார்ந்தாலே சரியாகிவிடும், முழுதாக உடைந்தால்தான் கொல்லனிடம் போக வேண்டும். மாற்று ஆயுதம் ஒன்று எப்போதும் கையில் இருக்கட்டும்.