வக்கீல் நோட்டீஸ் வேண்டாம், முதலில் பேட்ச் எண்ணைக் கேளுங்கள்

செம்பூரில் நீங்கள் போடும் மிக்சர் பாக்கெட்டில் வண்டு இருந்ததாக ஒருவர் வீடியோ போட்டிருக்கிறார், பங்குதாரர் நோட்டீஸ் விடச் சொல்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். நோட்டீஸ் விட்டால் அதையும் படம் பிடித்துப் போடுவார். இருநூறு பேர் பார்த்தது இரண்டு லட்சம் பேருக்குப் போகும்.

இன்றே அவருக்கு போன் போட்டு, பாக்கெட்டின் பின்னால் உள்ள பேட்ச் எண்ணையும் தேதியையும் வாங்குங்கள். அதே பேட்சில் மிச்சமிருப்பதை கடைகளிலிருந்து எடுத்துவிட்டு, நாலைந்தைப் பிரித்துப் பாருங்கள். சீல் ஓரத்தில் ஊசிமுனை அளவு இடைவெளி போதும், மும்பை மழைக்காலத்தில் வண்டு வந்துவிடும். பார்க்கும் முன்பே "எங்கள் சரக்கில் வராது" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

வழக்கில் ஜெயித்தாலும் சரக்கு உடனே விற்றுவிடாது. 2015-இல் மேகி நூடுல்ஸ் மீதான தடையை பம்பாய் உயர் நீதிமன்றம் ஆகஸ்டிலேயே ரத்து செய்தது. ஆனாலும் சரக்கு கடைக்குத் திரும்ப நவம்பர் ஆனது. அவ்வளவு பெரிய கம்பெனிக்கே அந்தக் கதி!

அப்புறம், பதில் சொல்வது ஒருவராகவே இருக்கட்டும். டெலிவரி பையன், கல்லாவில் இருப்பவர், உங்கள் மச்சான் எல்லாம் ஆளுக்கொன்று சொன்னால் சமாளிக்க முடியாது. கமெண்ட்டுகளை அழிக்காதீர்கள். பேட்ச் எண் கிடைத்ததும் இங்கே எழுதுங்கள், வீடியோவுக்குப் பதிலாக வெளியிட வேண்டிய அறிக்கையைச் சேர்ந்து எழுதிவிடலாம்.