ஆபீஸில் சுள்ளென்று அடிக்கும் ஷாக்: கேள்வி பதில்

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போர்டு அசெம்ப்ளி செய்யும் கம்பெனியில் ஈஎஸ்டி ஆடிட் பார்க்கிறேன். ஸ்டேட்டிக் மின்சாரத்தால் சிப் சாகாமல் பார்த்துக்கொள்வதுதான் வேலை. ஆபீஸ் ஷாக் பற்றிக் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். வீட்டு வயரிங்குக்கு என்னிடம் வராதீர்கள்.

மாரத்தஹள்ளி மூணாம் மாடி: அக்கா, பெங்களூரு ஆபீஸ். பிப்ரவரி வந்தா போதும், சீட்டை விட்டு எழுந்து கதவுக் கைப்பிடியைத் தொட்டா சுள்ளுன்னு அடிக்குது. ஜூலையில ஒண்ணும் இல்ல. ஏன்?

எல்லாரும் கார்ப்பெட்டைத்தான் திட்டுவார்கள். உங்கள் விஷயத்தில் எனக்கு நாற்காலி மேல்தான் சந்தேகம். இரண்டு பொருள் ஒட்டியிருந்து பிரியும்போது ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு எலக்ட்ரான் போய்விடும். உட்கார்ந்திருக்கும்வரை பேன்ட்டும் சீட்டும் ஒட்டியே இருப்பதால் ஒன்றும் தெரியாது. எழுந்த நொடியில் சீட்டில் ஒரு சார்ஜ், உங்கள் மேல் எதிர் சார்ஜ். காலில் ரப்பர் ஷூ இருந்தால் அது தரைக்கு இறங்க வழியில்லை. முதலில் தொடும் இரும்பில் இறங்குகிறது.

எங்கள் பயிற்சி வகுப்புகளில் காட்டும் பழைய அட்டவணை ஒன்று உண்டு. காற்றில் ஈரப்பதம் 10 முதல் 20 சதவீதம் என்றால் ஃபோம் நாற்காலியிலிருந்து எழும்போது 18,000 வோல்ட் வரை, கார்ப்பெட்டில் நடந்தால் 35,000 வோல்ட் வரை ஏறலாம். ஈரப்பதம் 65க்கு மேல் போனால் இரண்டுமே 1,500 வோல்ட்டுக்கு இறங்கிவிடும். சுமார் 3,000 வோல்ட் இருந்தால்தான் நம் விரலுக்கு உறைக்கும். அதனால் ஜூலையிலும் உங்களுக்கு சார்ஜ் ஏறத்தான் செய்கிறது, உங்களுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான். ஈரக் காற்றில் துணி, தோல், தரை எல்லாவற்றின் மேலும் கண்ணுக்குத் தெரியாத ஈரப்படலம் படியும், அதன் வழியே சார்ஜ் கசிந்து போய்விடும். பெங்களூரில் பிப்ரவரி, மார்ச் மதியம் காற்று காய்ந்து கிடக்கும். போதாததற்கு ஏசி.

செய்ய வேண்டியது: எழுவதற்கு முன்பே மேசையின் உலோகக் காலைப் பிடித்துக்கொள்ளுங்கள், பிடித்தபடியே எழுந்திருங்கள். சார்ஜ் சேரச் சேர இறங்கிவிடும். பெயின்ட் அடித்த இடத்தைப் பிடித்துப் பயனில்லை. ஸ்க்ரூ தலை, போல்ட் என்று வெறும் உலோகம் தெரியும் இடமாகப் பாருங்கள். மறந்து எழுந்துவிட்டால் சாவியைக் கையில் இறுக்கிப் பிடித்து அதன் நுனியால் கைப்பிடியைத் தொடுங்கள். பொறி சாவியில் விழும், விரல் நுனியில் ஒரு புள்ளியில் குத்தாது.

ஏழாம் மாசம்: மேடம், நான் கர்ப்பமா இருக்கேன். குழந்தைக்கு ஏதாவது ஆகுமா?

ஸ்டேட்டிக் ஷாக்கால் ஆகாது. அதில் இருப்பது சில மில்லி ஜூல்தான், ஒரு மைக்ரோ விநாடிக்குள் முடிந்துவிடும். திடுக்கிட்டு மாடிப்படியில் தடுமாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஓஎம்ஆர் நைட் ஷிப்ட்: சென்னை. வருஷம் பூரா லேப்டாப் மேல கை வச்சா விறுவிறுன்னு இருக்கு. நானும் சாவி வச்சுப் பார்த்தேன், போகல.

இது ஸ்டேட்டிக்கே இல்லை! தயவுசெய்து எல்லாரும் இதைப் படியுங்கள். 'டப்'பென்று ஒருமுறை அடித்துவிட்டு, உடனே மறுபடி தொட்டால் அடிக்கவில்லை என்றால் ஸ்டேட்டிக். கையை வைத்திருக்கும்வரை விறுவிறுவென்று இருந்தால் அது மெயின்ஸ் கரண்ட், அதாவது பிளக்கிலிருந்து வரும் கரண்ட். சென்னை ஈரப்பதத்தில் வருஷம் முழுக்க ஸ்டேட்டிக் அடித்தால்தான் ஆச்சரியம்.

லேப்டாப் அடாப்டருக்குள் இன்புட்டுக்கும் அவுட்புட்டுக்கும் நடுவே இரைச்சலை அடக்க ஒரு சின்ன கெப்பாசிட்டர் இருக்கும். எர்த் இல்லாவிட்டால் அதன் வழியாக லேப்டாப்பின் உலோக உடம்பு 100 வோல்ட் பக்கம் மிதக்கும். கரண்ட் மிகக் குறைவு என்பதால் ஆளைக் கொல்லாது, கூசும். மூணு பின் பிளக்கை ரெண்டு பின் கன்வெர்ட்டரில் செருகியிருக்கிறீர்களா என்று பாருங்கள். இல்லை என்றால் அந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் எர்த் வராமல் இருக்கலாம். லேப்டாப்புக்கு இது தொல்லை. அதே எர்த் இல்லாத பாயின்ட்டில் ஃப்ரிட்ஜோ கெட்டிலோ ஓடினால் ஆபத்து.

கோவை வயரிங்: 'காலில் ரப்பர் ஷூ இருந்தால் வழியில்லை' என்று எழுதியிருக்கிறீர்கள். ரப்பர் செருப்பு போட்டால் ஷாக் அடிக்காது என்றுதான் எங்கப்பா காலத்திலிருந்து சொல்கிறார்கள். ஜனங்களைக் குழப்பாதீர்கள் அம்மா.

உங்கப்பா சொன்னது பெரும்பாலும் சரி. லைனைத் தொட்டால் கரண்ட் உங்கள் வழியாகத் தரைக்குப் போகப் பார்க்கும், ரப்பர் அதை மறிக்கும். ஸ்டேட்டிக்கில் சார்ஜ் உங்கள் மேலேயே இருக்கிறது, அதே ரப்பர் அதைத் தரைக்குப் போகவிடாமல் தேக்கிவைக்கும்.

கோவை வயரிங்: அப்போ எல்லாரும் வெறுங்காலோடு ஆபீஸ் போகணுமா? எவனாவது அப்படியே ஸ்விட்ச் போர்டைத் தொட்டான்னா?

நல்ல கேள்வி. எங்கள் அசெம்ப்ளி லைனில் எல்லாரும் மணிக்கட்டில் ஸ்ட்ராப் கட்டி எர்த்தோடு இணைந்துதான் வேலை பார்க்கிறார்கள். நேரே எர்த் கிடையாது, நடுவே 1 மெகா ஓம் ரெசிஸ்டர் உண்டு. தவறி 230 வோல்ட்டைத் தொட்டாலும் அந்த ஸ்ட்ராப் வழியே கால் மில்லி ஆம்பியருக்கு மேல் போகாது.

கோவை வயரிங்: மெகா ஓம் போட்டால் சார்ஜ் எப்படி இறங்கும்? எனக்கே கதை விடுகிறீர்களா?

கணக்குப் போடுங்கள் அண்ணே. மனித உடம்பின் கெப்பாசிட்டன்ஸ், அதாவது சார்ஜைப் பிடித்துவைக்கும் திறன், சுமார் 100 பிக்கோ ஃபாரட். அதை 1 மெகா ஓமால் பெருக்கினால் சார்ஜ் இறங்கும் வேகக் கணக்கு வரும்: 100 மைக்ரோ விநாடி. கண் சிமிட்டும் நேரத்தில் நூற்றுக்கணக்கான தடவை இறங்கிவிடும். எங்களுடைய ஈஎஸ்டி ஷூவும் இப்படி நடுவாந்திரமானதுதான்: சார்ஜ் கசியும், மெயின்ஸ் பாயாது. ஆபீஸ்காரர்களுக்கு அந்த ஷூ வேண்டாம், தோல் அடிப்பாகம் உள்ள செருப்பே ரப்பரைவிடத் தேவலை.

கோவை வயரிங்: கணக்கு சரிதான். ஆனாலும் வயரிங் வேலைக்கு நான் ரப்பரைக் கழற்ற மாட்டேன்.

கழற்றவே கழற்றாதீர்கள். கழற்றச் சொல்லி யாராவது கேட்டால் என்னிடம் அனுப்புங்கள்.

குறுக்கே ஒருவர்: அப்ப பிளக் பாயின்ட்டோட எர்த் ஓட்டையில ஒரு வயரைச் சொருகி மணிக்கட்டுல கட்டிக்கட்டுமா?

கூடாது. கூடவே கூடாது. ரெசிஸ்டர் இல்லாத வெறும் வயர், அந்த ஓட்டையில் உண்மையிலேயே எர்த்தான் வருகிறதா என்றும் உங்களுக்குத் தெரியாது. தப்பாக வயர் பண்ணிய போர்டில் அது லைனாகவே இருக்கலாம்.

மூலை சீட்: டேபிள்ல ஒரு சொம்புத் தண்ணி வச்சா காத்து ஈரமாகும்னு எங்க மேனேஜர் சொல்றார்.

உங்கள் ஹால் 300 கன மீட்டர் என்று வையுங்கள். 24 டிகிரியில் ஈரப்பதத்தை 25லிருந்து 45 சதவீதமாக்க கிட்டத்தட்ட 1.3 லிட்டர் தண்ணீர் ஆவியாகிக் காற்றில் கலக்கணும். அந்தக் காற்றையும் ஏசி இடைவிடாமல் மாற்றிக்கொண்டிருக்கும், ஈரத்தையும் பிழிந்துவிடும். மேனேஜரின் சொம்பு நாள் பூராவும் ஆவியானாலும் காணாது. தண்ணீரைக் குடித்துவிடுங்கள்.

ஆன்லைன் ஷாப்பிங்: வயரே இல்லாத ஆன்டி ஸ்டேட்டிக் ரிஸ்ட் பேண்ட் வாங்கலாமா?

வேண்டாம். வயர் இல்லாவிட்டால் சார்ஜ் எங்கே போகும்?

காட்டன் மட்டும்: நான் காட்டன் புடவைதான் கட்டுறேன், எனக்கும் அடிக்குதே?

உங்கள் புடவை காட்டன், சீட் கவர் பாலியெஸ்டர். பிரியும் இரண்டில் ஒன்றுதான் உங்கள் கையில். துணி அலசும் ஃபேப்ரிக் கண்டிஷனர் ஒரு பங்குக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து சீட்டில் லேசாகத் தெளித்துக் காயவிடுங்கள். கொஞ்ச நாளைக்குத் தாங்கும். டைல்ஸ் தரையில் தெளிக்காதீர்கள், வழுக்கும்.

எச்.ஆர்.: சீட்டிலிருந்து எழுந்தால் ஷாக் அடிக்கிறது, என்ன செய்யலாம்?

முதல் பதில்.

டொராண்டோ தம்பி: அக்கா இங்க குளிர்காலம். பூனையைத் தொட்டாலும் பொறி பறக்குது.

மைனஸ் 15 டிகிரி காற்றை உள்ளே இழுத்து 22க்குச் சூடாக்கினால், வேறு ஈரம் சேராத பட்சத்தில் ஈரப்பதம் 10 சதவீதத்துக்கும் கீழே போய்விடும். உங்களுக்குத்தான் ஹியூமிடிஃபையர். 30, 35 போதும், அதற்கு மேல் போனால் ஜன்னல் கண்ணாடியில் தண்ணீர் வழியும். இன்னொன்று: அங்கே நீங்களேதானே பெட்ரோல் போடுகிறீர்கள்? நாசில் ஓடும்போது குளிருக்குப் பயந்து காருக்குள் போய் உட்கார்ந்துவிட்டுத் திரும்ப வந்து நாசிலைத் தொடாதீர்கள். பெட்ரோல் ஆவி பற்ற கால் மில்லி ஜூல்கூட வேண்டாம். கார் சீட்டில் ஏறும் சார்ஜ் அதைவிடப் பல மடங்கு. உட்கார்ந்தே தீரவேண்டும் என்றால், இறங்கியதும் நாசிலுக்குத் தள்ளி காரின் வெறும் உலோகத்தைத் தொட்டுவிட்டு வாருங்கள்.

ரேம் மாத்தணும்: டெஸ்க்டாப்பைத் திறக்கலாமா?

பவரை எடுத்துவிட்டு, கேபினெட்டின் பெயின்ட் இல்லாத உலோகத்தைத் தொட்டுத் தொட்டு வேலை பாருங்கள். நம் விரலுக்கு 3,000 வோல்ட் தேவை, சில சிப்புகளுக்கு 100 வோல்ட்டே எமன். 'எனக்கு ஷாக் அடிக்கலையே' என்பது சிப்புக்குச் சாட்சி ஆகாது.

நாலாம் மாடி: சீட்லேர்ந்து எழுந்தா…

முதல் பதில்!

பேன்ட்ரி பக்கம்: மேடம், எங்க பேன்ட்ரியில வாட்டர் டிஸ்பென்சர் குழாயைத் தொட்டா ரெண்டு நாளா ஷாக். தரை ஈரமா இருந்தா ஜாஸ்தி. விரலை எடுக்கிற வரைக்கும் இழுக்குது. ஃபேப்ரிக் கண்டிஷனர் தெளிக்கட்டுமா?

எதையும் தெளிக்காதீர்கள், குழாயையும் தொடாதீர்கள். ஈரத் தரையில் ஸ்டேட்டிக் குறையும், உங்களுக்குக் கூடுகிறது. அது மெயின்ஸ் கரண்ட் லீக்கேஜ். சுவிட்ச் போர்டு டிஸ்பென்சரை ஒட்டி இருந்தால் அதையும் விட்டுவிட்டு, மெயின் பேனலில் பேன்ட்ரி பிரேக்கரை இறக்கச் சொல்லுங்கள். கதவில் ஒரு பேப்பர் ஒட்டி ஆளை நிறுத்திவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். ரெண்டு நாளாக இழுத்தும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானாகவே லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) விழவில்லை என்றால், அது அங்கே இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். இப்போதே எழுந்து போங்கள். மற்றவர்கள் கேள்வியை நான் அப்புறம் பார்க்கிறேன்.